வடக்கே சானல், தெற்கே ஓடை

மே 12

தம்பி மகனுக்கு வங்கியில் வீட்டுக் கடன் வேண்டுமாம். மூலப் பிரமாணம் பார்க்காமல் வக்கீல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். "அத்தே, பூட்டா காலத்துப் பேப்பரு ஏதாவது கெடக்கா?" என்று போனில் கேட்டான். கிடக்கிறது, பத்தாயத்துக்குள். நெல் நிறைந்து கிடந்த பத்தாயத்தில் இப்போது பழைய வேட்டி, காது உடைந்த உருளி, கல்யாண ஆல்பம், ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டியில்தான் குடும்பத்து நிலமெல்லாம் காகிதமாகக் கிடக்கிறது. மண்ணாக மிச்சம் இருப்பது இந்த வீடு நிற்கிற பதினோரு சென்ட்டும், தம்பி மகன் வீடு கட்டப் போகிற ஆறு சென்ட்டும்.

முதலில் கையில் வந்தது கொல்லம் 1109 கும்ப மாதத்துப் பிரமாணம். கொல்லத்தோடு 825 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். சிங்கத்தில் தொடங்கி டிசம்பர் முடிய என்றால் 824 கூட்ட வேண்டும். ஆக இது 1934. முத்திரைத்தாளில் திருவிதாங்கூர் சங்கு. எழுத்து தமிழ், இடையிடையே மலையாளக் கச்சேரிச் சொற்கள். எழுதியவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எல்லை சொல்லும் இடம் மட்டும் அவர் நின்று நிதானித்து எழுதியதுபோலத் தெரிந்தது: வடக்கே சானல் கரை, தெற்கே ஓடை, கிழக்கே குளத்துக்குப் போகும் வரப்பு, மேற்கே இன்னாருடைய வயல்.

படம் எடுத்து அனுப்பினேன். "இதுல பிளாட் நம்பர் எங்க?" என்று பதில் வந்தது.

மே 14

இன்னொரு கட்டு, அம்மையின் பிறந்த வீட்டு வகை. புத்தேரியிலிருந்து அவளோடு வந்தது. இதில் 1101 என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் பிறந்த கொல்ல வருஷம் அது, ஆங்கிலத்தில் 1926. அதுவரை எங்கள் ஆட்களுக்கு மருமக்கள் வழி. அப்பன் சொத்து மகனுக்கு இல்லை. மாமன் சொத்து அவன் சகோதரி பிள்ளைக்கு. தறவாடு என்கிற கூட்டுக் குடும்பத்தை மூத்த ஆண், அதாவது காரணவர், ஆளுவார். மற்றவர்கள் அவர் அளந்து போடுவதை வாங்கிக்கொள்வார்கள். காரணவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு என்பதுதான் சிக்கல். தறவாட்டு நெல் ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்டாட்டி வீட்டுக்கு வண்டியேறும். மருமகன்கள் வழக்குப் போடுவார்கள். இரு பக்கமும் விளைச்சல் கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் போகும்.

தேரூரில் 1876இல் பிறந்து புத்தேரியில் வாழ்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதி இந்த ஏற்பாட்டின் மானத்தை வாங்கினார். ஆச்சிக்கு அதில் பக்கம் பக்கமாக மனப்பாடம். "இது எங்க மாமனைப் பாத்து எழுதினதாக்கும்" என்பாள். அப்படிச் சொல்லிக்கொள்ளாத வீடு புத்தேரியில் ஒன்றுகூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சட்டம் வந்ததும் வீட்டுக்கு வீடு பாகம் வைத்தார்கள். ஆச்சி வீட்டில் பதினொரு பங்கு. கைக்குழந்தைக்கும் ஒன்று. ஒரே கட்டாகக் கிடந்த வயல் பதினொரு பெயரில் பதினொரு துண்டு. பாகம் வைக்காமல் இருந்திருந்தால் பெற்ற பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் புறநகரைக் கொண்டுவந்தது புரோக்கர்தான் என்று இப்போது எல்லோரும் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நிலத்தைத் துண்டு போடும் வேலை அதற்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே எங்கள் வீட்டுத் திண்ணைகளில் நடந்துவிட்டது. பங்கு கிடைத்தவர்களில் பாதிப் பேருக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. விற்றார்கள். பாட்டா பார்வதிபுரத்தில் வாங்கிய 1109ஆம் வருஷத்து வயலும் அப்படிப் பாகம் பிரிந்த இன்னொரு வீட்டாருடையதுதான்.

மே 19

அம்மைக்குத் தொண்ணூறை நெருங்குகிறது. காலையில் பிரமாணத்தை வாசித்துக் காட்டினேன். எல்லை வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "தெற்கே ஓடை" என்றதும் திறந்தாள். "அந்த ஓடையிலதான் ஒனக்க அப்பாவுக்க காளை வழுக்கி விழுந்து காலு ஒடிஞ்சுது."

1955இல் கல்யாணம் கழிந்து இங்கே, பார்வதிபுரத்துக்கு, வந்திருக்கிறாள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் ரோடு, ரோட்டோரம் சில கடைகள், பிறகு கண்ணுக்கெட்டியவரை வயக்காடு, அதற்குமேல் வேளிமலை. குடிக்கக் கிணறு, குளிக்க அனந்தனார் சானல். மேலே பெண்கள், கீழே தள்ளி ஆண்கள், அதற்கும் கீழே மாடு. இந்த வரிசையை யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் மீறவும் இல்லை. வருஷத்தில் இரண்டு பூ, அதாவது போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. கட்டிச்சம்பா அரிசிச் சோற்றுக்கு அப்புறம் சாப்பிட்டதெல்லாம் சோறே இல்லை என்பது அவள் கட்சி. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்து டி.பி.எஸ். ரகங்களை இன்றுவரை அவள் 'ஆபீஸ் நெல்லு' என்றுதான் சொல்கிறாள்.

திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து குமரி தமிழ்நாட்டோடு இணைந்ததைப் பற்றிக் கேட்டேன். 1954 ஆகஸ்ட் 11இல் புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. புத்தேரியில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லையாம். அந்தப் போராட்டத்தை நடத்திய நேசமணி பெயரை மரியாதை இல்லாமல் யாரும் சொல்லிவிட முடியாது அவள் முன்னால். இணைந்த நாளான 1956 நவம்பர் 1 மட்டும் மங்கல். "ரோட்டுல வெடி போட்டாங்க. எனக்கு வயித்துல ஒனக்க அண்ணன்." அவ்வளவுதான். சர்க்கார் காகிதங்களில் சங்கு போய்க் கோபுரம் வந்தது. அம்மையின் வாயில் இன்றும் ரூபாய் வரவில்லை. இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு ஒழிந்து இத்தனை காலம் ஆகியும், கையில் பணமில்லை என்றால் "சக்கரம் இல்ல" என்கிறாள்.

ஜூன் 1

பேச்சிப்பாறை அணையை வழக்கமாகத் திறக்கும் நாள். தண்ணீர் இங்கே வந்துசேரச் சில நாட்கள் பிடிக்கும். 1897இல் தொடங்கி 1906இல் முடித்த அணை. மூலம் திருநாள் ராஜா, மிஞ்சின் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர். பெருஞ்சாணி அணை சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பேரெடுத்தது இந்தச் சானல்களும், அவை நிரப்பிய குளங்களும், அந்தக் குளங்களைப் பார்த்துக்கொண்ட ஊர்க்காரர்களும் சேர்ந்துதான்.

சாயங்காலம் சானல்கரையில் நடந்தேன். ரோட்டுக்குப் பேரே சானல்கரை ரோடு. சானல் இருப்பது கேரிபேக்கும் ஆகாயத்தாமரையும் ஒதுங்கி நிற்பதை வைத்துத் தெரியும். எதிர்க்கரை வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு சிலாப் பாலம் போட்டிருக்கிறார்கள். குளியலறைக் குழாய்கள் சுவரிலிருந்து நேரே சானலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கடைமடையில் இன்னும் சிலர் இந்தத் தண்ணீரை நம்பி விதைக்கிறார்கள்.

ஜூன் 7

வயல் எப்படி மனை ஆகிறது என்று தம்பி மகனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு அது பிறக்கும்போதே மனை. ஒரே நாளில் யாரும் வயலைத் தூர்ப்பதில்லை. முதலில் ஒரு பூ தரிசு போடுவார்கள். 'ஆள் கிடைக்கவில்லை, அறுப்புக் கூலி கட்டவில்லை' என்பார்கள். அதில் பொய் இல்லை. அடுத்து மண்ணைக் கூட்டி வாழை வைப்பார்கள். ஏத்தன், செவ்வாழை, கொஞ்சம் மட்டி. வாழைக்கு இடையில் தென்னம்பிள்ளை. தென்னை இடுப்பளவு வந்ததும், அது வயல் இல்லை தோப்பு என்று பேச்சு மாறும். நாலா பக்கமும் தென்னை வந்தபின் நடுவில் நெல் வைத்திருக்கிறவனுக்குத் தண்ணீர் வராது, வந்தால் வடியாது. எலியும் மயிலும் அவன் வயலுக்கு மட்டும் வரும். அவனும் விற்பான். பிறகு டிப்பரில் செம்மண், வெள்ளையடித்த கல், ஒரு வளைவு, 'நகர்' என்று முடியும் ஒரு பெயர்.

எங்கள் வயலும் இப்படித்தான் போயிற்று. அப்பா கடைசிக் கும்பப்பூ அறுத்தபோது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விற்ற பணத்தில்தான் தம்பி வளைகுடா போனான். எனக்கு நகை வந்தது. ஆகவே விற்றவர்களைத் திட்டும் கட்டுரைகளை நான் முழுதாக வாசிப்பதில்லை.

வாங்க ஆள் வந்ததற்கும் காரணம் உண்டு. 1979இல் திருவனந்தபுரம் ரயில், 1981இல் திருநெல்வேலி ரயில். 2001இல் ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரி. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ரப்பர்க்காரர்கள் பிள்ளைகள் படிப்புக்காக வந்தார்கள். கடற்கரை ஊர்களிலிருந்து கப்பலில் வேலை பார்ப்பவர்கள் வந்தார்கள். வெளிநாட்டுப் பணம் எல்லா மதத்துக்காரர்களிடமும் வந்தது. 2018 கடைசியில் பார்வதிபுரம் மேம்பாலத்தில் வண்டி ஓடியது. 2011 கணக்கெடுப்பிலேயே குமரி மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகரவாசிகள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து நாங்கள்தான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அதற்குள் எங்கள் பக்கம் தடுக்க மிச்சம் அதிகம் இல்லை. அடுத்த வருஷமே பழைய மனைகளை வரன்முறைப்படுத்த விதி வந்தது.

ஜூன் 16

மூன்று நாளாக இடவப்பாதி மழை. எங்கள் தெருவுக்குத் தெற்கே உள்ள தெருவில் முழங்காலளவு தண்ணீர். ஒவ்வொரு பெருமழைக்கும் அந்த ஒரு தெரு மட்டும் நிறையும். 2021 நவம்பரில் மாவட்டமே மிதந்தபோது அங்கே வீட்டுக்குள் கட்டில்மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாக்கடை சரியில்லை, கான்டிராக்டர் சரியில்லை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வோம். இரண்டு முறை சாக்கடையை உயர்த்திக் கட்டியும் ஆயிற்று.

1109 பிரமாணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் நின்றேன். வடக்கே சானல்; அது சரியாக அங்கேதான் இருக்கிறது. அதிலிருந்து எங்கள் பழைய வயலின் அகலத்தைத் தெற்கே எண்ணிக்கொண்டு போனால் தண்ணீர் நிற்கும் தெருவில் போய் முடிகிறது. அம்மையைக் கேட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அது தெருவா? அது ஓடையாக்கும்" என்றாள்.

வயலில் மிகுந்த தண்ணீர் அந்த ஓடை வழியாகத்தான் குளத்துக்குப் போயிருக்கிறது. மனை போட்டவர் ஓடையின்மேல் ரோடு போட்டார். பட்டாவில் அது பாதை. தண்ணீருக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. ஆறு சென்ட் மனையின் தெற்கு மூலையும் அந்தப் பள்ளத்தில்தான் வருகிறது. தம்பி மகனுக்கு அடித்தளத்தை மூன்றடி கூட்டச் சொன்னேன். எஞ்சினியரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

ஜூன் 29

குடியிருப்போர் சங்கக் கூட்டம். மைக் பிடிக்க எனக்குக் கூச்சம். பிரமாணத்தின் நகலை மேசையில் வைத்து எல்லையை மட்டும் வாசித்தேன். குளச்சல் பக்கத்திலிருந்து வந்து வீடு கட்டியவர் ஒருவர், "டீச்சர், இதை முன்னமே சொல்லியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. மாட்டுவண்டி காலத்துக் கதையெல்லாம் இப்போது எதற்கு, மனை விலை விழுந்துவிடும் என்று ஒருவர் எழுந்து சொன்னார். அவர் பயமும் நியாயமானதுதான். கடைசியில் புதுச் சாக்கடைக்கு மனு கொடுப்பதற்குப் பதிலாக, பழைய ஓடைத் தடத்தில் குழாய் பதித்துக் குளத்தோடு சேர்க்கக் கேட்பது என்று முடிவானது. மனுவோடு 1109 பிரமாணத்தின் நகலும் போகிறது.

நாகர்கோவில் நகரத்தின் நடுவுக்குச் சுந்தர ராமசாமி 1966இலேயே 'ஒரு புளியமரத்தின் கதை' எழுதிவிட்டார். ஓரத்துக்கு அப்படி ஒன்று இல்லை. எங்கள் தெருக்களின் சரித்திரம் பத்தாயத்திலும் பரணிலும் வங்கி லாக்கரிலும் கிடக்கிற பிரமாணங்களின் எல்லைப் பத்தியில்தான் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது.

பார்வதிபுரமோ புத்தேரியோ சுங்கான்கடையோ, உங்கள் வீட்டில் சங்கு முத்திரைத்தாள் இருந்தால் எடுத்து, எல்லை எழுதிய பத்தியை மட்டுமாவது ஒரு தாளில் பெயர்த்து எழுதுங்கள். ஒரு நகலை உங்கள் தெருச் சங்கத்தில் கொடுங்கள். புதிதாக மனை வாங்க வருகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் 'அ' பதிவேட்டில் அந்த இடம் நஞ்சையா புஞ்சையா என்று பாருங்கள்; அதோடு பக்கத்தில் வயதானவர்கள் யாராவது இருந்தால், மழைத் தண்ணீர் முன்பு எந்தப் பக்கமாகப் போகும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.