குளக்கரை அரளி



சுங்கைப் பட்டாணியில் தம்பி வீடு கட்டியபோது, பின்புறத்தில் சிறிய நீச்சல் குளம் ஒன்றும் அமைத்தான். அதன் கரையில் வைக்கும் செடிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பள்ளித் தோட்டத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவள் அல்லவா? எனக்கும் அதில் சற்றுப் பெருமைதான்.

நான் முதலில் சொன்னது அரளி. வெயிலைத் தாங்கும், நீர் குறைந்தாலும் எளிதில் வாடாது. அம்மாவுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. தோட்டத்து லயன் வீட்டு வாசலில் நின்ற அரளியின் குச்சியை, தோட்டம் கைமாறியபோது வெட்டியெடுத்து, குடிபோன வீடுதோறும் நட்டுக் காப்பாற்றியவர் அவர். அதிலிருந்தே ஆறு குச்சிகள் நட்டோம்.

செடிகள் இடுப்பளவு வளர்ந்திருந்த ஒரு பள்ளி விடுமுறையில், தம்பியின் ஐந்து வயது மகள் குளக்கரையில் கடை வைத்து விளையாடினாள். கிண்ணத்து நீரில் இலைகளைக் கிள்ளிப் போட்டு, ஒரு குச்சியால் கலக்கி, “அத்தை, தே தாரேக் குடிங்க” என்று நீட்டினாள். அரளி இலை; அரளிக் குச்சி. கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். குழந்தை அலறி அழுதாள். கையைச் சோப்பிட்டுக் கழுவி, அவள் ஒரு மிடறும் குடிக்கவில்லை என்று உறுதியான பிறகே எனக்கு மூச்சு வந்தது. சிறிது விழுங்கியிருந்தாலும் மருத்துவமனைக்கு ஓடியிருக்க வேண்டும்.

அரளியின் இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் நஞ்சு. அதிலுள்ள ஒலியாண்டிரின் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். உலர்ந்த இலையிலும் நஞ்சு போகாது. இதை நான் அறியாதவள் அல்லேன். சாமிக்குச் சூட்டும் பூ என்ற பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது. மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் எனக்கு அன்றைய வெட்கம் இன்னும் ஆறவில்லை.

செடிகளைப் பிடுங்க வேண்டும் என்றேன். “உங்களையெல்லாம் இந்த அரளியடியிலதான் வளர்த்தேன். யாருக்கு என்ன ஆச்சு?” என்றார் அம்மா. என்னிடம் பதில் இல்லை. ஆயினும் கையுறை அணிந்து பிடுங்கினோம். அதன் புகையும் நஞ்சு என்பதால் எரிக்கவில்லை. அம்மா இரண்டு வாரம் என்னுடன் பேசவில்லை.

இரண்டாம் முறை நிதானமாகத் தேர்ந்தெடுத்தேன். மூங்கில் ஓயாமல் இலை கொட்டும். ஆல், அத்தி வகை மரங்களின் வேர் குளச்சுவரையே பிளக்கும். காகிதப்பூவில் முள். புரோமிலியாட் அழகுதான், ஆனால் அதன் இலையடியில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். இறுதியில், சதுப்பு நிலத்திற்கே உரிய, செந்தண்டுப் பாக்கான பினாங் மேராவை ஒரு பக்கம் வைத்தோம்; அதனடியில் பண்டான். செம்பருத்திப் பூ ஒரே நாளில் உதிர்ந்து நீரில் மிதக்கும் என்பதால் அதனைச் சற்றுத் தள்ளி நட்டோம். சமையலறைச் சன்னலுக்கு நேரே மட்டும் எதையும் நடவில்லை. அடுப்படியில் நிற்பவர் கண்ணுக்குக் குளம் முழுதும் தெரிய வேண்டும்.

ஓர் அரளி மட்டும் தொட்டியில், பூட்டிய கதவுக்கு அப்பால், மேல்மாடிப் பலகணியில் நிற்கிறது. சாவி அம்மாவின் இடுப்பில். சென்ற வாரம் நான் போயிருந்தபோது, பூப்பறித்து வந்த அம்மா பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “இது சாமிக்கு மட்டுந்தான். நீ தொடக்கூடாது. பாட்டி கை கழுவிட்டு வர்றேன், இரு.”