வண்டி சாத்தூர் தாண்டட்டும்

ஆச்சி கட்டிக்கொடுத்த சோற்றுக்கு ஒரு கால அட்டவணை இருந்தது. மாலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் வண்டி ஏறினால், ராத்திரிக்குத் தயிர்ச்சோறு. மறுநாள் காலைக்குப் பொடி தடவிய இட்லி. புளிச்சோற்றை மட்டும் எழும்பூரில் இறங்கும்வரை தொடக்கூடாது. வண்டி தாமதமானால் வழியில் உதவும். நேரத்துக்குப் போய்விட்டால் மத்தியானம் வீட்டில் சாப்பிடலாம். கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிக்கிடந்த வீட்டில் பாலும் இருக்காது, காயும் இருக்காது, முதல் வேலை கூட்டிப் பெருக்குவதுதான் என்பது அம்பாசமுத்திரத்தில் இருந்த ஆச்சிக்குத் தெரியும். 600 கிலோமீட்டருக்கு அப்பால், மறுநாள் மத்தியானம் எங்களுக்குப் பசிக்கும் என்று முந்தின நாளே கணக்குப் போட்டு ஒருத்தி புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். இன்று பயணம் கிளம்பும்போதெல்லாம் நான் தேடுவது அந்தக் கணக்கைத்தான்.

புளிக்காய்ச்சல் அவசரத்தில் ஆகிற வேலை இல்லை. கெட்டியாகக் கரைத்த புளி, நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வற்றல், காயம், மஞ்சள்தூள் எல்லாம் சேர்ந்து கொதித்துச் சுண்டி, எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே நிற்கவேண்டும். தண்ணீர் துளி மிச்சமிருந்தாலும் தாங்காது. வறுத்துப் பொடித்த வெந்தயமும் எள்ளும் இறக்கும்போதுதான். நிலக்கடலையைத் தனியாக வறுத்துச் சோறு கிளறும்போது சேர்ப்பாள், முன்னாலேயே போட்டால் நமத்துவிடும் என்று. சோற்றை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் விட்டு விசிறியால் ஆற்றுவார்கள். அந்த விசிறி என் கைக்கு வரும். "சூட்டோட கட்டுனா வேர்த்துரும்லா ஏட்டி, நல்லா வீசு" என்பாள் ஆச்சி. சோறு வெந்த பிறகும் சாகாமல் இருக்கிற பாக்டீரியா வித்துகள் உண்டு, வெதுவெதுப்பாக மூடிவைத்தால் அவை பெருகிவிடும், புளிப்பு அதைத் தடுக்கும் என்று பின்னாளில் படித்தேன். பேசில்லஸ் சீரியஸ் என்று அதற்குப் பெயர். ஆச்சி அந்தப் பெயரைக் கேட்டதில்லை. ஆனால் அவள் கட்டிய சோறு ஒருநாளும் ஊசிப்போனதில்லை.

தயிர்ச்சோற்றிலும் அதே நுட்பம். சோற்றைச் சூடாக இருக்கும்போதே குழைய மசித்து, ஆறவிட்டு, காய்ச்சின பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி. பகல் மூன்று மணிக்குப் பிசைந்தால் ராத்திரி எட்டரை மணிக்குள் அது தானே உறைந்து, புளிக்காத பக்குவத்தில் நிற்கும். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுவாள். வெங்காயம் கிடையாது. தேங்காய் சேர்ந்த எதுவும் பொட்டலத்துக்குள் வராது. வீட்டில் நாங்கள் விரும்பிச் சாப்பிடும் காணத்துவையலுக்கும் (கொள்ளுத் துவையல்) அன்று இடமில்லை. தொட்டுக்கொள்ள நார்த்தங்காயும் மோர்மிளகாயும். இட்லியை ஆறவைத்து, எள் சேர்த்து இடித்த மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் பூசி அடுக்குவாள். காலையில் எடுக்கும்போது பொடி உள்ளே இறங்கி, இட்லி ஓரம் சிவந்திருக்கும். அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் இட்லியைவிட எனக்கு அதுதான் பிடிக்கும், இன்றைக்கும்.

பிறகு இலை. கொல்லையில் அறுத்த வாழையிலையை நரம்பு சீவி, அடுப்புத் தணலுக்கு மேலே மெல்ல இழுப்பாள். பச்சை கறுத்து, பளபளப்பு ஏறி, இலை துணி மாதிரி மடங்கத் தொடங்கும். வாட்டாத இலை மடித்த இடத்தில் கிழியும். வாட்டிய இலையில் சோறு வைத்து மடித்து, மேலே செய்தித்தாள் சுற்றி, வாழைநாரால் கட்டு. ஆளுக்கு ஒரு பொட்டலம். அதற்குமேல் எப்போதும் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும். யாருக்கு என்று கேட்டால், "வண்டில ஆள் இருக்காதா?" என்பாள்.

ஆள் இருந்தது. அப்போது மீட்டர் கேஜ் வண்டி, குறுகலான பெட்டி, எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்காரர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடிவருவார்கள். சாத்தூரில் வெள்ளரிக்காயும் சேவும். வெள்ளரிக்காய் வாங்கிய பிறகுதான் அம்மா பொட்டலத்தில் கைவைப்பாள். அதற்கு முன்னால் நாங்கள் எத்தனை முறை கேட்டாலும், "வண்டி சாத்தூர் தாண்டட்டும்" என்பதுதான் பதில். நார் அவிழ்த்ததும் வாட்டிய இலையின் மணம் பெட்டி முழுக்கப் பரவும். அந்த மணத்துக்குப் பிறகு எதிரே இருப்பவரைப் பார்க்காமல் சாப்பிடுவது யாராலும் முடியாத காரியம். "கொஞ்சம் எடுத்துக்கிடுங்க" என்று அம்மா நீட்டுவாள். "இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க" என்பார்கள். இரண்டாம் முறை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். நாகர்கோவில்காரர்கள் பையிலிருந்து நேந்திரங்காய் வறுவல் வரும். தூத்துக்குடிக் குடும்பமாக இருந்தால் மக்ரூன், அதற்காகவே நானும் தம்பியும் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவோம். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத மனிதர்கள் கைச்சமையலை அப்படிச் சாப்பிட்டு வளர்ந்தோம்.

நள்ளிரவில் வண்டி திருச்சியைத் தாண்டும். திருச்சிக்கு வடக்கே இருக்கிறது திருப்பைஞ்ஞீலி. பசியும் தாகமுமாய் அந்த ஊருக்கு நடந்து போய்க்கொண்டிருந்த அப்பருக்காக, வழியில் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, சிவபெருமானே பொதிசோற்றோடு காத்திருந்தார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஆச்சி. வழிநடப்பவன் பசி அறிந்து சோறு கட்டுவதைத் தெய்வத்தின் வேலையாகவே நம் முன்னோர் நினைத்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் பெரிய நிறைவு.

இப்போது அந்த வழி முழுக்க நாற்கரச் சாலை. ராத்திரிப் பேருந்து எங்கே நிற்கும் என்பதை ஓட்டுநர் முடிவு செய்கிறார். பசித்த நேரம் போய், தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் விளக்குகள் எரிகிற ஒரு மோட்டல் வாசலில் இறக்கிவிடுவார்கள். பரோட்டா, சால்னா, ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ். எந்த எண்ணெய், எத்தனை முறை காய்ந்தது, காலையில் பிசைந்த மாவா, நேற்றையதா, எதுவும் நமக்குத் தெரியாது. சாப்பிட்டு ஏறினால் விடியும்வரை தாகமும் நெஞ்செரிச்சலும். 2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கு வந்தே பாரத் வந்தது. எட்டு மணி நேரத்துக்குள் சென்னை. அந்த வேகத்தில் எனக்கும் மகிழ்ச்சிதான், முதியவர்களுக்கு அது எத்தனை உதவி என்று கண்ணால் பார்க்கிறேன். ஆனால் ஜன்னல் திறக்காது. சாத்தூர் வெள்ளரிக்காய் உள்ளே வர வழியில்லை. தட்டில் மூடிவரும் உணவை ஒவ்வொருவரும் தன் மடிக்கு மேலே வைத்து, தன் கைபேசியைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள்.

அதனால் நானே கட்டத் தொடங்கினேன். புளிக்காய்ச்சலைக் கிண்டிப் பாட்டிலில் வைத்துவிட்டால் கிளம்புகிற நாளில் சோறு வடிக்கிற வேலைதான். தயிர்ச்சோற்றுக்குப் பாலும் தயிரும் ஆச்சி ஊற்றிய அளவுதான், ஆனால் சென்னைப் புழுக்கத்தில் அரை மணி நேரம் தள்ளிப் பிசைகிறேன். அவித்த கடலை, வெள்ளரித் துண்டு, இரண்டு வாழைப்பழம், சீரகத் தண்ணீர். வாழையிலை சந்தையில் கிடைக்கிறது, கேஸ் அடுப்பிலும் வாடுகிறது. மோட்டல் வாசலில் எல்லோரும் இறங்கிப்போன பிறகு இருக்கையிலேயே பிரித்துச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிகிறது. உடம்புக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

மனசுக்கு வேண்டியது எதிர் இருக்கையில் இருந்தது. அந்த நாளில் சென்னை போய்ச் சேர்ந்ததும் ஆச்சிக்கு அப்பா இன்லண்ட் லெட்டர் போடுவார். அவள் சொல்லி மாமா எழுதும் பதிலில் சோறு பத்திச்சா, இட்லி காய்ந்துபோச்சா என்ற விசாரிப்புக்குப் பக்கத்திலேயே, வண்டியில் யார் வந்தார்கள், அவர்களுக்குக் கொடுத்தீர்களா என்ற கேள்வியும் இருக்கும். இன்றைக்கு ரயில் நிலையங்களில் முன்பின் தெரியாதவர் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று அறிவிக்கிறார்கள். மயக்கமருந்து கொடுத்துத் திருடியவர்கள் உண்டு, ஆகவே அறிவிப்பைக் குறை சொல்லமாட்டேன். என் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லி வளர்த்தேன். சொல்லும்போதெல்லாம், பெயர் தெரியாத அந்தத் தூத்துக்குடி அம்மாள் காகிதத்தில் மடித்துத் தந்த மக்ரூன் நினைவுக்கு வந்து தொண்டையை அடைக்கும்.

வருகிற மே மாதம் ஊர்த்திருவிழாவுக்கு ராத்திரி வண்டியில் பதிவு செய்திருக்கிறேன். குளிர்சாதனம் இல்லாத, ஜன்னல் திறக்கிற படுக்கைப் பெட்டி. நாங்கள் இரண்டு பேர்தான். புளிக்காய்ச்சல் ஆறு பேருக்குக் கிண்டப்போகிறேன். எதிரே இருப்பவர்கள் பார்க்கும்படி இலையைப் பிரித்து, முதல் கவளம் நான் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அவர்களிடம் நீட்டுவேன். வேண்டாம் என்றால் இரண்டாம் முறையும் நீட்டுவேன்.