கைப்பிடி அன்னம்

ஐப்பசிப் பௌர்ணமியன்று சிவாலயங்களில் நடைபெறும் அன்னாபிஷேகத்தை ஒருமுறை கண்டவர்களுக்கு அந்தக் காட்சி மறவாது. வடித்து ஆறவைத்த வெண்சோறு லிங்கத் திருமேனியை முழுவதும் போர்த்தியிருக்க, தீப ஒளியில் ஈசன் அன்னமே உருவாகக் காட்சி தருவார். பூஜை நிறைவுற்றதும் பாணத்தின்மேல் சாத்திய அன்னத்தை நீர்நிலையில் கரைப்பர். எஞ்சியதைத் தயிர் கலந்து அடியார்களுக்கு வழங்குவர்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் பெரியவர் ஒருவர், 40 ஆண்டுகளாக இந்த விழாவைத் தவறவிட்டதில்லை. தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வயது 72. காலையும் மாலையும் ஊர்ச் சிவாலயத்தில் மூன்று முறை வலம் வருவது அவருடைய நித்திய நியமம். சென்ற ஆண்டு அன்னாபிஷேகத்தன்று அவர் நான்கு தொன்னை தயிர்ச்சோறு உண்டார். மகள் தடுத்தபோது, "பிரசாதத்துக்குக் கணக்கு உண்டா அம்மா?" என்று சிரித்துக்கொண்டே ஐந்தாவதற்கும் கை நீட்டினார். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து அப்போது 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த ஆண்டு சித்திரை மாதத்தில் ஒருநாள் உச்சிக்கால பூஜை முடிந்து வீடு திரும்பியவர், கால் கழுவிவிட்டு ஊஞ்சலில் அமர்ந்தார். சற்று நேரத்தில் அவருடைய மனைவி, கூடத்துத் தரையில் பாதச் சுவடுகள் ஈரமாகப் பதிந்திருப்பதைக் கண்டார். கழுவிய நீர் இத்தனை நேரம் உலராமல் இருக்குமா என்று குனிந்து பார்த்தார். அது நீரன்று. வெயிலில் காய்ந்த பிராகாரக் கருங்கல், வலப்பாதத்தில் கொப்புளம் எழுப்பி, அதுவும் உடைந்திருந்தது. பெரியவருக்கு வலியே தெரியவில்லை.

மருத்துவர் பாதத்தை நெடுநேரம் சோதித்தார். நீண்ட காலம் சர்க்கரை மிகுந்திருந்தால் கால் நரம்புகள் உணர்விழக்கும், சுட்டாலும் குத்தினாலும் தெரியாது, இரத்த ஓட்டமும் குறைவதால் புண் எளிதில் ஆறாது என்று விளக்கினார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் அளவு 9.4 என வந்தது. "இப்படியே போனால் விரலை எடுக்க நேரலாம், பாதத்தையே எடுக்கவும் நேரலாம்" என்றார். பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "பிரதட்சிணம் செய்ய முடியுமா?" மருத்துவர் நேரடியாக விடை கூறாமல், "ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு உண்கிறீர்கள்?" என்று கேட்டார். கணவன் மனைவி இருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. 45 ஆண்டுகளாக இட்டவரும் அளந்ததில்லை, உண்டவரும் அளந்ததில்லை.

மறுநாள் பேத்தியின் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என இட்ட சோறு மொத்தம் 450 கிராம். வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. அது குடலில் சர்க்கரையாகவே மாறி இரத்தத்தில் கலக்கும். அந்தக் கணக்கின்படி ஒரு பகலுணவில் மட்டும் ஏறக்குறைய 125 கிராம். தேக்கரண்டியால் அளந்தால் 25 கரண்டி சர்க்கரைக்கு ஈடு. இரவில் சோறு உண்பதில்லை என்பது பெரியவரின் நெடுநாளைய பெருமை. ஆயினும் அந்த வேளைக்கு நான்கு இட்லியோ மூன்று தோசையோ இல்லாமல் அவர் உறங்கியதில்லை. இட்லியும் அரிசிதானே!

கணக்கைக் கேட்ட அம்மையார் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. மாலையில் விளக்கேற்றும்போதுதான் வாய் திறந்தார். "நான் இட்ட சோறா உங்களுக்கு நோயாகப் போயிற்று?" என்று கேட்டார். பெரியவரிடம் அதற்கு விடையில்லை. அவருக்கும் மனத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. காவிரிப் படுகையில் பிறந்து, நெல் அளந்து வளர்ந்த குடும்பம். தட்டில் விழுந்த சோற்றை வேண்டாமென்று தள்ளுவது அன்னலட்சுமியைத் தள்ளுவதாகாதா?

இந்த ஐயத்தை அவர் கோயில் குருக்களிடம் கூறினார். குருக்கள் சிறிது யோசித்துவிட்டு, தைத்திரீய உபநிஷதத்தை நினைவூட்டினார். அன்னத்தை நிந்திக்கலாகாது என்பதை ஒரு விரதமாகவே அந்த உபநிஷதம் விதிக்கிறது. அன்னத்தை எல்லோர்க்கும் மருந்து என்றும் போற்றுகிறது. அதே நூல்தான், உயிர்களால் உண்ணப்படுவதாலும் உயிர்களை உண்பதாலும் அதற்கு அன்னம் என்று பெயர் வந்ததாகவும் உரைக்கிறது. "மருந்தாக இருப்பதும் அதுவே, நம்மை உண்பதும் அதுவே. அளவு தவறினால் அது நம்மை உண்ணத் தொடங்கும். குறைத்து உண்பது நிந்தனையாகாது, ஐயா. மருந்தை யாராவது வயிறு நிறைய உண்பார்களா?" என்றார் குருக்கள்.

பெரியவர் வெட்கத்தோடு வீடு திரும்பினார். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை 30 ஆண்டுகள் மாணவர்களுக்கு நடத்தியவர் அவர். அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியதே என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவரும் அவரே.

முதலில் அவர்கள் சாமைக்கு மாறினார்கள். தினை முருகப்பெருமானுக்கு உகந்தது, வரகு கோபுரக் கலசத்தில் இடம்பெறுவது, சாமையும் முன்னோர் உண்டதே என்று அம்மையாருக்கு அதில் மகிழ்ச்சி. ஆனால் அரிசிச் சோறு இருந்த அளவுக்கே சாமைச் சோறும் தட்டில் குவிந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை சற்றும் இறங்கவில்லை. "தானியம் மாறியது, அளவு மாறவில்லையே" என்றார் மருத்துவர். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மையே. எனினும் அதுவும் பெரும்பாலும் மாவுச்சத்துதான் என்பதை அன்று அறிந்துகொண்டார்கள்.

அதன்பின் தட்டின் முறையே மாறியது. முதலில் கீரையோ பொரியலோ ஒரு கிண்ணம், அடுத்துப் பருப்பு நிறைந்த கூட்டு, பிறகே சோறு, அதுவும் ஒரே ஒரு சிறு கிண்ணம். அதைக் குழம்புடன் உண்டபின், ரசமும் மோரும் தம்ளரில் வந்தன. இரவில் இரண்டு இட்லியும், பயறோ சுண்டலோ சிறிதும். உருளைக்கிழங்கும் சேனையும் காய் என்ற பெயரில் சோற்றுக்குத் துணையாக வருவது நின்றது. முதல் இரண்டு வாரம் பெரியவருக்குப் பசியைவிட வெறுமையே மிகுதியாக இருந்தது. மூன்றாம் முறை சோறு இட வந்து, கையில் கரண்டியோடு ஒரு கணம் நின்று திரும்பிய மனைவியின் முகத்தைப் பார்ப்பது அதைவிடக் கடினமாக இருந்தது.

இடையில் ஒரு பிழையும் நேர்ந்தது. ஒரு பிரதோஷத்தன்று, காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, பகலுணவையே விட்டு விரதமிருந்தார். மாலையில் நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நடக்கும்போது உடல் வியர்த்தது, கைகள் நடுங்கின, கண் இருண்டது. குருக்கள் ஓடிவந்து வாயில் கற்கண்டு இட்டபின்பே தெளிவு வந்தது. மருத்துவர் கடிந்துகொண்டார். மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர்கள் சோற்றைக் குறைக்கும்போது மருந்தின் அளவையும் மருத்துவரைக் கேட்டு மாற்ற வேண்டும், தாமாகப் பட்டினி கிடத்தல் ஆகாது என்றார். அன்று முதல் பிரதோஷத்தன்றும் பகலில் சிறிது உண்டே கோயிலுக்குச் செல்கிறார்.

தினமும் கட்டு மாற்றி, ஆறு வாரத்தில் புண் ஆறியது. கல் சூடேறும் முன்பே காலை வழிபாட்டை முடிக்கும் வழக்கம் வந்தது. வெயிலில் உச்சிக்காலத்துக்குச் செல்வது நின்றது. இரவு உணவுக்குப்பின் அம்மையார் மூக்குக்கண்ணாடி அணிந்து, விளக்கைக் கீழே இறக்கி, கணவரின் இரு பாதங்களையும் விரலிடுக்கு வரை பார்க்கிறார். முதல் நாள் பெரியவர் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டார். "சோறு போடுகிற வேலையைத்தான் குறைத்துவிட்டீர்களே, இதையாவது செய்கிறேன்" என்றார் அம்மையார். அதன்பின் அவர் காலை இழுக்கவில்லை.

அருகிலுள்ள திருநாகேஸ்வரத்து உப்பிலியப்பனுக்கு உப்பில்லாத நைவேத்தியம். மனையாட்டி இட்டதை, உப்பு இல்லாதபோதும் உவந்து ஏற்ற பெருமான் என்பது தலவரலாறு. அங்கு சென்று வந்த நாளில் அம்மையார், "பெருமாள் உப்பை விட்டார், நீங்கள் இரண்டு கரண்டி சோற்றை விட்டீர்கள்" என்று சிரித்தார். சித்திரைக்குப்பின் அவர் சிரித்தது அன்றுதான்.

ஐப்பசி வந்தது. பரிசோதனையில் அளவு 7.3. மருத்துவர் இன்னும் சிறிது குறைய வேண்டும் என்றார். ஆயினும் பிரதட்சிணத்துக்குத் தடையில்லை என்றும் சொன்னார்.

பௌர்ணமி மாலையில் பெரியவர் மூன்று முறை வலம் வந்து சந்நிதியில் நின்றார். பிரசாதம் வழங்கியபோது தொன்னையை நீட்டவில்லை. இரு கைகளையும் குவித்து ஒரு கைப்பிடி மட்டும் பெற்றுக்கொண்டார். அன்றைய இரவு உணவில் இட்லிக்கு மாற்றாக அதையே கொள்வதென்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். மண்டபத்தூணின் அடியில் அமர்ந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சிறுகச் சிறுக உண்டார். சென்ற ஆண்டு நான்கு தொன்னை உண்டபோது தயிரில் இஞ்சி சேர்த்திருந்தார்களா என்பதுகூட அவருக்கு நினைவில்லை. இந்த ஆண்டு ஒவ்வொரு பருக்கையும் நாவில் தெரிந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த மனைவி, "இன்னும் கொஞ்சம் வாங்கி வரட்டுமா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போதும்" என்றார் பெரியவர். கை கழுவி எழுந்து, தம் சொந்தக் கால்களால் நடந்து, கொடிமரத்தருகே விழுந்து வணங்கினார்.