செம்மலையை வலம் வந்தோம்

ஓராண்டுக்கு உத்தியோகத்தை நிறுத்திவைத்துவிட்டு, வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு, மனைவி மகளுடன் ஒரு வண்டியிலேயே குடியிருந்து ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரப்போவதாக எங்கள் மகன் சிட்னியிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது எனக்கு வந்தது கோபம்தான். நாற்பத்தொரு வயது, ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை, கைநிறையச் சம்பளம். நானோ முப்பத்தாறு ஆண்டுகள் கருவூலத்தில் பணியாற்றி, ஈட்டிய விடுப்பைக்கூட எடுக்காமல் சேர்த்துவைத்துப் பணமாக்கிக்கொண்டவன். ஒரு மாத காலம் அவனிடம் நான் சரியாகப் பேசவில்லை.

என் மனைவி ஒரு நாள் காலை, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “ஓய்வு பெற்றதும் காசிக்குப் போகலாம் என்றீர்கள். ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம் ஆயிற்று. முதலில் பெண்ணின் கல்யாணம் என்றீர்கள், பிறகு வீட்டுக் கடன், பிறகு கொரோனா. இப்போது என் முழங்கால் படி இறங்காது. அவனாவது கால் நன்றாக இருக்கும்போதே போகட்டுமே.”

எனக்குப் பதில் இல்லை. அத்தோடு நில்லாமல், அந்த வண்டியில் ஆறு வாரம் நாங்களும் வருவதாக அவளே மகனிடம் சொல்லிவிட்டாள். இவ்விதமாகத்தான் வைகாசி மாதக் கடைசியில் நாங்கள் சிட்னி போய் இறங்கினோம்.

போன பிறகு அறிந்தது ஒன்று. அந்நாட்டில் ஒரே நிறுவனத்தில் நெடுநாள் உழைத்தவர்களுக்குச் சம்பளத்துடன் நீண்ட விடுப்பு கொடுப்பது சட்டம். சிட்னி இருக்கும் மாநிலத்தில் பத்து ஆண்டுகளுக்கு இரண்டு மாதம். இந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. காலனி அரசின் ஊழியர்கள் கப்பலேறித் தாய்நாடான இங்கிலாந்துக்குப் போய்ப் பெற்றோரையும் உற்றாரையும் பார்த்துத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். அதற்காகக் கொடுத்த விடுப்பு அது. மகன் அந்த விடுப்போடு சம்பளமில்லா விடுப்பையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தான். வேலையை உதறிவிடவில்லை. இதை அவன் முன்பே சொல்லியிருக்கலாம். நான் பேசியிருந்தால் சொல்லியிருப்பான்.

வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கேம்பர்வேன் என்கிறார்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண்போல ஒரு படுக்கை. பின்புறம் எங்களுக்கு ஒரு கட்டில். நடுவிலிருக்கும் உணவு மேசையை மடக்கினால் அதுவும் கட்டில். இரட்டை எரிவாயு அடுப்பு, சிறு குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சூரிய மின்தகடு. ஐந்து பேருக்கு மொத்தம் இருபது பாத்திரங்கள் இருந்திருக்குமா என்பது சந்தேகம். உள்ளேயே கழிவறையும் உண்டு. அடுப்புக்கும் சுவாமி படத்துக்கும் நான்கடி தூரத்தில் அது இருப்பதை என் மனைவி ஏற்கவில்லை. “அங்கே துணி மூட்டையை வையுங்கள்” என்று உத்தரவாயிற்று. அன்றிலிருந்து ஆறு வாரமும் முகாமிடங்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் உள்ள கழிவறைகளைத்தான் எல்லோரும் பயன்படுத்தினோம். மகனும் மருமகளும் முகம் சுளிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

முதலில் போனது ஹெலன்ஸ்பர்க். சிட்னிக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டரில், யூகலிப்டஸ் காட்டுக்கு நடுவே ஸ்ரீ வேங்கடேசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். 1985ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் கண்ட ஆலயம். அதே வளாகத்தில் சந்திரமௌலீஸ்வரருக்கும் சந்நிதி உண்டு. வெண்ணிறக் கோபுரத்துக்குப் பின்னால் காட்டுப் பறவைகள் கூவ, வண்டிக்குப் பூஜை நடந்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதைப் பார்த்ததும் கும்பகோணத்தில் நிற்பதாகவே தோன்றியது. அர்ச்சகர் பெருமாள் திருவடியில் வைத்து எடுத்த பழம் ஒன்றையும் என் மனைவியின் முந்தானையில் இட்டார். அந்தப் பழத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மெல்போர்னில் காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்தில் இரண்டு நாள் தரிசனம். ஒரே மண்டபத்தில் நின்றபடி இரு மூர்த்திகளையும் கண்குளிரச் சேவிக்கலாம். அங்கு ஊழியம் செய்பவர்களில் பலர் இலங்கைத் தமிழர்கள். ஊரை இழந்து வந்தவர்கள் முதலில் கோயிலைத்தான் கட்டினார்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார்.

மெல்போர்னைக் கடந்து உள்நாட்டுக்குள் வடமேற்காகப் புறப்பட்ட பிறகு பயணத்தின் தாளமே மாறிவிட்டது. மாலை மயங்கும் வேளையில் கங்காருகள் மேய்ச்சலுக்காகச் சாலையோரம் வந்துவிடும். வெளிச்சத்தைக் கண்டால் வண்டியின் குறுக்கே பாயும். ஆகையால் விவரமறிந்தவர்கள் சூரியன் சாய்வதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஆறு வாரத்தில் ஒரு நாளும் எனக்கு சாயங்கால சந்தியாவந்தனம் தவறவில்லை. பணியில் இருந்தபோது எத்தனை மாலைகள் தவறின என்று கணக்கெடுத்தால் வெட்கப்பட வேண்டியதுதான். ஓடும் வண்டியில் விளக்கேற்ற வழியில்லை. நின்ற பிறகு, காற்று படாத பக்கமாகப் படிக்கட்டின் கீழ்ப் பேத்தி அகல் ஏற்றுவாள். பக்கத்து வண்டிகளிலிருந்து வெள்ளைக்காரத் தம்பதியர் வந்து எட்டிப் பார்ப்பார்கள். அவர்களில் பாதிக்குமேல் நம் வயதினர். ஓய்வு பெற்றதும் வீட்டைப் பூட்டிவிட்டு, குளிர்காலம் முழுவதும் வண்டியிலேயே வடக்கு நோக்கிப் போகும் முதியவர்கள் அந்நாட்டில் ஏராளம். வானப்பிரஸ்தம் என்ற சொல்லை அவர்கள் அறியார்கள். ஆனால் அதைத்தான் செய்கிறார்கள் போலும்.

ஆனி அமாவாசையன்று வென்ட்வொர்த் என்ற சிற்றூரில் இருந்தோம். முர்ரே ஆறும் டார்லிங் ஆறும் கூடும் இடம். 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் முர்ரே சற்றுத் தெளிந்து வர, டார்லிங் பால் கலந்த தேநீரின் நிறத்தில் வந்து சேர்கிறது. சிறிது தூரம் இரண்டும் கலவாமல் பக்கம் பக்கமாகச் செல்வதைக் கரையிலிருந்தே காணலாம். பவானிக் கூடுதுறை நினைவுக்கு வந்தது. எள்ளும் தர்ப்பையும் கொண்டுபோயிருந்தேன். தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தபின் சங்கல்பத்தில் சிக்கல். ‘ஜம்பூத்வீபே பாரதவர்ஷே’ என்று எழுபது வயதுவரை சொன்ன வாய், அடுத்து என்ன சொல்வதென்று தயங்கி நின்றது. கடைசியில் என்ன சொன்னேன் என்பது எனக்கும் அந்த இரண்டு ஆறுகளுக்கும் இடையில் இருக்கட்டும். என் தகப்பனார் கும்பகோணத்தைத் தாண்டிச் சென்னை வரைதான் போனவர். அவர் பெயரைச் சொல்லி அந்த நீரை விட்டபோது கை நடுங்கியது.

இனி அந்த எலுமிச்சம்பழம். தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் நுழையும் யம்பா என்னும் இடத்தில் சோதனைச் சாவடி இருக்கிறது. பழ ஈ என்ற பூச்சி தங்கள் தோட்டங்களுக்குப் பரவிவிடக்கூடாது என்று, வெளியிலிருந்து வரும் பழங்களை வாங்கி அழித்துவிடுகிறார்கள். தக்காளியும் மிளகாயும்கூடத் தப்பாது. மறைத்தால் அபராதம். இதைப் பல கிலோமீட்டருக்கு முன்பிருந்தே பலகைகள் எச்சரிக்கின்றன. பெருமாள் பிரசாதத்தைக் குப்பைக் கூடையில் போடுவதா என்று என் மனைவி கலங்கிப்போனாள். ஒளித்துவைக்கலாமா என்று என் மனம் ஒரு கணம் போயிற்று, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மகன் சாலையோரம் வண்டியை நிறுத்தினான். பழத்தை அறுத்து, ஒரு செம்புத் தண்ணீரில் பிழிந்து, சர்க்கரைகூடச் சேர்க்காமல் ஐந்து டம்ளர்களில் ஊற்றினான். வெயிலில் நின்று தீர்த்தம்போலக் குடித்தோம். சாவடியில் அந்தத் தோலையும் மற்றக் காய்களையும் கொடுத்தோம். அதிகாரியான பெண்மணி புன்னகையுடன் வாங்கிக்கொண்டார்.

போர்ட் ஆகஸ்டாவிலிருந்து வடக்கே சாலை பாலைவனத்தில் ஏறுகிறது. மணிக்கணக்கில் ஒரு மரமோ ஒரு வீடோ இல்லை. சுமார் 540 கிலோமீட்டர் போன பின் கூபர் பீடி. 1915இல் ஓப்பல் என்னும் ரத்தினக்கல் கிடைத்த ஊர். கோடை வெப்பத்துக்கு அஞ்சி மக்கள் நிலத்தைக் குடைந்து வீடு அமைத்து வாழ்கிறார்கள். தேவாலயங்களையும் பூமிக்கடியில் குடைந்திருக்கிறார்கள். நம் குடைவரைகளைக் கண்ட கண்ணுக்குப் புதுமை இல்லை என்றாலும், உள்ளே இருந்த குளுமையும் மௌனமும் வணங்கத்தக்கவை.

அங்கிருந்து இரண்டு நாள் பயணம். மூன்றாம் நாள் பிற்பகல், தட்டையான செம்மண் வெளியில், தொலைவில், அது தெரிந்தது. உலுரு. ஒரே பாறையாலான மலை. தரையிலிருந்து 348 மீட்டர் உயரம். பேத்தி, “தாத்தா, அதோ!” என்று கத்தினாள். என் மனைவி பேசவில்லை, கைகளைக் கூப்பிக்கொண்டாள்.

இம்மலை அனங்கு என்னும் பழங்குடி மக்களுக்குப் புனிதமானது. மலையின் ஒவ்வொரு பிளவும், ஒவ்வொரு குழியும் அவர்களுடைய முன்னோர் சென்ற வழியையும் செய்த செயலையும் சொல்கிறது. வெள்ளையர் 1873இல் கண்டு, ஓர் அமைச்சரின் பெயரை அதற்கு இட்டார்கள். பிறகு சுற்றுலாப் பயணிகள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உச்சிக்கு ஏறினார்கள். 1985 அக்டோபர் 26ஆம் நாள் அந்நிலம் அனங்கு மக்களுக்கே திரும்பக் கொடுக்கப்பட்டது. “ஏறாதீர்கள்” என்று அவர்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019ஆம் ஆண்டு அதே அக்டோபர் 26இல் ஏறும் வழி அறவே மூடப்பட்டது. இப்போது அடிவாரத்தைச் சுற்றி நடக்கலாம், அவ்வளவுதான். சுற்றுப் பாதை ஏறக்குறைய 10 கிலோமீட்டர். பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை. யுலாரா என்ற ஊரின் முகாமிடத்தில் தங்கினோம். இரவில் நீர் உறையும் குளிர். குல்லாயும் கம்பளியும் போதவில்லை. காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டோம்.

மறுநாள் சூரியோதயத்தின்போது மாலா என்ற வாகன நிறுத்தத்தில் இருந்தோம். மாலா என்பது அங்குள்ள ஒரு சிறு விலங்கின் பெயர். காலையில் இங்கே தொடங்கி வலமாகச் சுற்றுவது நல்லது என்று பூங்காவினரே பரிந்துரைக்கின்றனர். திருவண்ணாமலையில் சொல்வதுபோல் இங்கும் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்களே என்று வியந்தேன். ஏறிய கால்கள் தேய்த்த வெளிறிய தடம், மலையின் சரிவில் தழும்புபோல இன்னும் தெரிகிறது.

அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னாள்: “காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் தலையால் நடந்து போனார். இவர்கள் கேட்டதும் அதுதானே? ஏன் இத்தனை வருடம் புரியவில்லை?”

மருமகள் சக்கர நாற்காலியைத் தள்ள, கான்ட்ஜு பள்ளத்தாக்கு வரை அவளும் வந்தாள். அதுவரை பாதை சமமானது. செங்குத்தான செம்பாறைக்கு அடியில் நிழலும் நிசப்தமும். நாற்காலியை விட்டு எழுந்து, பேத்தியின் தோளைப் பற்றி நின்று, கண்களை மூடிக்கொண்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் திரும்ப, நானும் மகனும் மேலே நடந்தோம். வடகிழக்குப் பக்கம் நெடுகிலும் படம் எடுக்க வேண்டாமென்று அறிவிப்புகள். கருவறைபோல மறைவாகக் காக்கப்பட வேண்டிய இடங்கள் அவை. மகன் கைபேசியைப் பைக்குள் போட்டான். அதன்பின் பேசுவதைத் தவிர எங்களுக்கு வேறு வேலை இல்லை.

“அப்பா, சின்ன வயதில் மார்ச் மாதம் முழுவதும் உங்களைப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை” என்றான். குறையாகச் சொல்லவில்லை. “இவளுக்குப் பத்து வயது முடிவதற்குள் ஒரு வருஷமாவது கூடவே இருக்க வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றுமில்லை.”

“மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவு வரை பட்டியல் வந்துகொண்டிருக்கும்” என்றேன். அதற்குமேல் என்ன சொல்வது? மலை வலப்பக்கம் கூடவே வந்துகொண்டிருந்தது. அவன் என் தோள்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

மருமகள் வண்டியைத் தென்புறம் கொண்டுவந்திருந்தாள். முட்டிஜூலு என்ற சுனைக்கு அருகே எல்லோரும் கூடினோம். குனியா என்னும் பெண் மலைப்பாம்பு, தன் மருமகனுக்காகப் பழிவாங்கிய கதையை இவ்விடத்துப் பாறைகள் சொல்கின்றன. “நம் ஊராக இருந்தால் மஞ்சள் பூசிப் பால் ஊற்றியிருப்போம்” என்றாள் என் மனைவி. கொண்டுவந்த தயிர்சாதத்தை வண்டிக்குத் திரும்பிய பிறகே பிரித்தோம். சுனையின் அருகே உண்ண மனம் வரவில்லை.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் விமானம் ஏறினோம். அவர்கள் டார்வின் வரை சென்று, பின்பு மேற்குக் கரையோரமாக இறங்கப்போகிறார்கள். இன்னும் ஏழு மாதம் மீதி. பேத்தி வழியில் பொறுக்கிய சருகு ஒன்றை என் சட்டைப் பையில் போட்டாள். இந்தியாவுக்கு அதுவும் கொண்டுவரக்கூடாது என்று மகன் எடுத்துக்கொண்டான்.

ஊர் திரும்பிய மறுவாரமே காசிக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். தீபாவளி வேளையில் அன்னபூரணியின் பொற்கோலத்தைத் தரிசிக்கலாம். நிலையத்தில் சக்கர நாற்காலிக்கும் சொல்லியாயிற்று. என் மனைவி இப்போதே இரண்டு பைகளுக்குமேல் கூடாது என்கிறாள்.