பொறியோடு உரையாடல்

ஏவுதல் வேறு, உரையாடுதல் வேறு. ஏவுபவர் சொல்லவேண்டிய அனைத்தையும் முன்னரே வகுத்துச் சொல்லிவிட்டு விளைவை எதிர்நோக்கி நிற்பர். உரையாடுபவரோ ஒன்றைச் சொல்லி, மறுமொழி கேட்டு, அதற்கேற்ப அடுத்ததைச் சொல்வர். நுண்கட்டுப்படுத்தி எனப்படும் சிறு பொறியோடு மனிதர் கொண்ட தொடர்பு நெடுங்காலம் முதலாவது வகையினதாகவே இருந்தது. அது இரண்டாவது வகைக்கு மாறியமையாலேயே பொறியியல் பயிலாதோரும் அதனை அணுகுதல் இயல்வதாயிற்று.

சலவைப் பொறியினுள்ளும் விளையாட்டுப் பொருளினுள்ளும் மறைந்திருந்து பணிபுரியும் நுண்கட்டுப்படுத்தி, செயலி, நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் முனைகள் ஆகியன ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினியே ஆகும். அதற்குச் செய்நிரல் எழுதுவோர் பெரும்பாலும் சி போன்ற மொழிகளையே நாடினர். எழுதியதைப் பிறிதொரு கணினியிற் பொறிமொழியாக மாற்றிச் சில்லிற் பதித்த பின்னரே அதன் சரிபிழை தெரியவரும். பிழையெனின் மீண்டும் திருத்தி, மாற்றி, பதித்தல் வேண்டும். முற்பயிற்சி இல்லாதவர் முதல் நாளிலேயே மனஞ்சலித்து விலகுவதில் வியப்பில்லை.

இந்நிலை மாறிய வரலாற்றில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகருக்குத் தனியிடம் உண்டு. 1981 இல் அந்நகரின் ஏகோர்ன் நிறுவனம் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ கணினி, மின்னிணைப்புப் பெற்றவுடனேயே பேசிக் மொழிக் கட்டளையை ஏற்கக் காத்திருந்தது. பிற்காலக் கணினிகள் பயன்படுத்துதற்கு எளியனவாயின. உள்ளே புகுந்து பார்த்தற்கு அரியனவாயின. கணினியியல் பயில விண்ணப்பிப்போரிடையே செய்நிரல் அனுபவம் அருகிவந்ததைக் கண்ட எபென் அப்டன் முதலியோரின் முயற்சியால் 2012 இல் ராஸ்பெரி பை என்னும் மலிவுக் கணினி தோன்றியது. 2013 இல் அவுஸ்திரேலியப் பௌதிகவியலாளரான டேமியன் ஜோர்ஜ், பொதுமக்களிடம் நிதி திரட்டிப் பைதன் மொழியை நுண்கட்டுப்படுத்திக்கு ஏற்பச் சுருக்கும் பணியில் இறங்கினார். அதுவே மைக்ரோபைதன். 2016 இல் பிரித்தானிய மாணவர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேருக்கு இலவசமாக வழங்கப்பட்ட மைக்ரோபிட் பலகையில், 16 கிலோபைற்று நினைவகத்துக்குள்ளேயே அது இயங்கியது. 2021 ஜனவரியில் ராஸ்பெரி பை பிக்கோ என்னும் பலகை, 264 கிலோபைற்று நினைவகத்தோடு 4 டொலர் விலையில் வெளிவந்தது.

கலைப்பீடத்திற் புவியியல் பயிலும் மாணவி ஒருத்தி இப்பலகையைக் கையில் எடுத்தமைக்குப் பொறிமீது கொண்ட ஆர்வம் காரணமன்று. தகரக்கூரை வீட்டினுள்ளும் ஓட்டுக்கூரை வீட்டினுள்ளும் பகல் வெப்பம் எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை மணிக்கு மணி குறித்துவைக்க அவள் விரும்பினாள். விலையுயர்ந்த கருவி வாங்க வசதியில்லை. பலகையின் சிறு பொத்தானை அழுத்தியவாறே யு.எஸ்.பி. வடத்தாற் கணினியோடு இணைத்தபோது, அது ஒரு சேமிப்பகம்போலத் திரையில் தோன்றியது. மைக்ரோபைதன் கோப்பை அதனுட் பிரதிசெய்ததும் அத்தோற்றம் மறைந்தது. பின்னர் தொன்னி என்னும் இலவச மென்பொருளைத் திறக்க, மூன்று அம்புக்குறிகள் தோன்றி அவளது சொல்லுக்காகக் காத்திருந்தன. முனைகளைக் கையாளும் பகுதியை அழைக்க ஒரு வரி. 25ஆம் முனையை வெளியீடாகக் கொள்ள ஒரு வரி. அதனை இயக்க ஒரு வரி. பலகையிலிருந்த ஒளிகாலும் இருவாயி பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது.

பிழைகளும் நேர்ந்தன. நிபந்தனை வரியின் ஈற்றில் முக்காற்புள்ளி விடுபட்டபோது, பொறி வரியெண்ணைச் சுட்டித் தொடரியற் பிழை என்றது. இம்மொழியில் வரித் தொடக்கத்து வெற்றிடமும் பொருளுடையது. அது பிறழ்ந்தால் கருத்தும் பிறழும். சீர் பிரிப்புத் தவறினால் யாப்புச் சிதையும் என்பதைப் பயின்றவளுக்கு இது முற்றிலும் புதுமையன்று. கட்டளைச் சொற்களும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்தில் அமைந்திருத்தல் நம் மாணவர்க்கு ஒரு தடையே. ஆயினும் பைதனின் ஒதுக்கப்பட்ட சொற்கள் நாற்பதுக்கும் குறைவானவை. சில நாட்களிற் பழகிவிடுவன.

மூன்றாம் நாள், சில்லினுள்ளேயே அமைந்த வெப்பநிலை உணரியை அவள் வினவினாள். திரையில் 31.2457 என்பதுபோன்ற எண்கள் தோன்றின. நான்கு தசம தானங்கள்! ஆய்வேட்டின் அட்டவணையில் அவ்வாறே எழுதிவிடலாம்; வினவுவார் எவரும் இரார். எனினும், இவ்வெண் எங்கிருந்து வந்தது என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். இக்கேள்வியிலேதான் உண்மையான கல்வி தொடங்கிற்று எனலாம்.

சில் வெப்பத்தை நேரே அறிவதில்லை. 27 பாகையில் உணரியின் வோல்ற்றளவு ஏறத்தாழ 0.706, வெப்பம் ஒரு பாகை ஏற, அது 1.721 மில்லிவோல்ற்றாற் குறையும். சில்லோ 3.3 வோல்ற்று வீச்சை 4096 படிகளாகவே பகுத்தறியும். ஆகவே ஒரு படி ஏறத்தாழ 0.8 மில்லிவோல்ற்று, வெப்பத்திற் கூறுவதாயின் ஏறத்தாழ அரைப் பாகை. மைக்ரோபைதன் அவ்வளவை 65535 வரையுள்ள எண்ணாக விரித்துத் தருவதால் நுட்பம் மிகுந்ததுபோன்ற தோற்றமே உண்டாகின்றது. அன்றியும், அவ்வுணரி அளப்பது அறையின் வெப்பத்தையன்று. சில்லின் சொந்த வெப்பத்தை. இரு கூரைகளுக்கிடையிலான வேறுபாடு ஒன்றிரண்டு பாகையே எனின், இக்கருவியின் சாட்சியம் செல்லாது. அவள் வெளியே பொருத்தும் உணரிகள் இரண்டை வாங்கி, அவற்றை ஒரே இடத்தில் சாதாரண வெப்பமானியின் அருகே வைத்து ஒப்பிட்ட பின்னரே வீடுகளுக்குக் கொண்டுசென்றாள். ஏட்டுச்சுவடியொன்றின் பாடத்தை ஏற்குமுன் பிற ஏடுகளோடு ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் முறையும் இதுவே.

மைக்ரோபைதனின் எளிமைக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு கட்டளையையும் இயங்கும் வேளையிலேயே பொருள்கொண்டு செல்வதால், அது சி மொழியினும் மெதுவானது. மைக்ரோசெக்கன் அளவில் நேரந்தவறாமை வேண்டும் பணிகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. உரையாடலாகச் சொன்னவை மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். நிலைத்திருக்கவேண்டியவற்றை 'மெயின்' என்னும் பெயருடைய கோப்பிற் பதித்துவைத்தல் வேண்டும். பலகை மின்னிணைப்புப் பெறுந்தோறும் அக்கோப்பை இயக்கும். உரையாடித் தெளிந்தது அங்ஙனம் ஏவலாக நிலைபெறுகின்றது.

பொறியோடு பேசும் உரிமை இன்று ஒரு பீடத்தாருக்கு மட்டும் உரியதன்று. வாயில் எளிதாகத் திறந்திருக்கின்றது. எளிதாகப் பெற்ற விடையை எளிதாக நம்பாமையே அவ்வாயிலூடு புகுவோர் உடன்கொண்டு செல்லவேண்டியது. ஒரு சொல்லின் பொருளையும் ஒரு சான்றின் தகுதியையும் ஐயுற்று ஆராயக் கற்ற கலைப்பீட மாணவர்க்கு அஃது இயல்பாகவே கைவந்த பண்பாதல் வேண்டும்.