கண்டி வீதியில் ஐந்து பெண்களும் ஒரு கமெராவும்

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ-9 வீதியை எங்களவர்கள் இன்றும் ‘கண்டி றோட்’ என்றுதான் சொல்வார்கள். தென்னிலங்கையில் இருப்பதைப் போன்ற அதிவேகப் பாதை குடாநாட்டில் இல்லை. போர் முடிந்தபின் சீனாவின் கடனுதவியில் அகலமாக்கிக் காப்பற் போட்ட இந்த வீதிதான் எங்களுக்குப் பெருந்தெரு. ஆனையிறவிலிருந்து யாழ் நகருக்கு இப்போது ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடலாம். கிளாலிக் கடலை இருட்டில் படகேறிக் கடந்த சகோதரிகளுக்கு இது சின்ன விடயமல்ல. 2002 ஏப்ரலில் திறந்ததும், 2006 ஓகஸ்டில் முகமாலையில் மீண்டும் மூடியதும் இதே வீதிதான். அப்படி மூடியபோது மறுபக்கத்தில் அகப்பட்டுக்கொண்ட கணவரையும் பிள்ளைகளையும் பற்றி எமது நிலையத்தில் கதை கதையாகச் சொல்வார்கள்.

எமது நிலையத்தில் தையல் பழகும் பெண்கள் ஐவருடன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வான் பிடித்து இந்த வீதியைப் படமெடுக்கப் போனோம். வீதியோரத்துச் சிலைகள், நினைவுச் சின்னங்கள், மதில் ஓவியங்கள், இவைதான் எமது இலக்கு. ஒரேயொரு சிறிய டிஜிற்றல் கமெரா. ஆளுக்குப் பத்துப் படம். ஏன் எடுத்தாய் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். இராணுவ முகாம்களை எடுப்பதில்லை, ஆட்களை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். வேளைக்கே புறப்பட்டதற்குக் காரணம் உண்டு. பத்து மணிக்குப் பிறகு ஆனையிறவுப் பரவைக்கடலின் வெளிச்சத்தில் படம் வெளிறிப் போய்விடும்.

ஆனையிறவில் 2010ஆம் ஆண்டு அரசு எழுப்பிய போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. நான்கு பெரிய கைகள் இலங்கைத் தீவைத் தாங்கி நிற்கும். சற்றுத் தள்ளி, 1991ஆம் ஆண்டுச் சண்டையில் புலிகள் கவசமிட்டுக் கொண்டுவந்த புல்டோசர். அதை மறித்து உயிர்விட்ட இராணுவச் சிப்பாய் காமினி குலரத்னவின் நினைவிடமும் அங்கேதான். தெற்கிலிருந்து நயினாதீவுக்கு யாத்திரை போகும் பஸ்கள் நிற்க, குடும்பங்கள் இறங்கிப் படமெடுக்கின்றன. அங்கு வந்த ஒரு தாய் எங்கள் ஐவரையும் பார்த்துச் சிரித்து, தன் குடும்பத்தைச் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தரும்படி சைகையால் கேட்டார். எங்களில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

எங்களுடன் வந்த பளை அம்மா படியேறவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர் என்னிடம் கேட்டார்: “ஆற்ரை கை பிள்ளை இது? ஆம்பிளையின்ரையோ பொம்பிளையின்ரையோ?” சமூகவியல் படித்த காலத்தில் பொதுவெளி, நினைவு, அதிகாரம் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதியிருக்கிறேன். இந்தக் கேள்வி அதில் இருக்கவில்லை. அந்த அம்மாவின் மகன் 2009இல் வன்னியில் காணாமற் போனவர். அவர் கைகளைப் படமெடுக்கவில்லை. கமெராவை வாங்கி, சின்னத்துக்கு முதுகு காட்டி நின்று, வெறும் உப்பு வெளியை எடுத்தார். காரணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

முகமாலையில் சிலை எதுவும் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் இந்த வீதியின் மிகப் பெரிய சிற்பம் அங்கேதான் இருந்தது என்பேன். ஷெல் அடியில் தலையிழந்து, கறுத்த தூண்களாக வரிசைகட்டி நின்ற மொட்டைப் பனைகள்! வருடத்துக்கு வருடம் அவை குறைகின்றன. சில விழுந்துவிட்டன, சில தறிக்கப்பட்டுவிட்டன. நடுவில் வடலிகள் தலைகாட்டுகின்றன. இரண்டையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர எங்கள் தங்கச்சி ஒருத்தி நெடுநேரம் இருந்து எழும்பிப் பார்த்தாள்.

இங்கே பேசவேண்டியவர் இன்னொருவர். இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் அந்த அக்கா, முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர். ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் இந்த வேலைக்குப் பெண்கள் நிறையப்பேர் சேர்ந்தார்கள். கணவரை இழந்தவர்கள், குடும்பத்தைத் தாங்குபவர்களே அவர்களில் பலர். தலையில் முகக் கவசமும் உடம்பில் பாரமான அங்கியுமாக, வெயிலில் முழங்காலில் இருந்து, மண்ணைச் சாண் சாணாகச் சுரண்டிப் பார்க்கும் வேலை அது. வீதி விளிம்பில் அவர் அப்படியே முழங்காலிட்டுக் காட்டினார். “இப்பிடித்தான் மிஸ், காலமை தொடக்கம். முதுகு விட்டுப்போம். ஆனா அதிலதான் பிள்ளையளைப் படிப்பிச்சனான்.” அந்தப் படம் மட்டும் நான் எடுத்தது. அதில் அவர் சிரிக்கிறார். ஆனையிறவில் கேட்ட கேள்விக்கு இது பதிலாகுமா என்று வானுக்குள் ஒரு வாக்குவாதமே நடந்தது. பளை அம்மா ‘சிலை வைச்சா இவளுக்கு வைக்கவேணும்’ என்றார். அக்காவோ, ‘சிலை வேண்டாம், நிரந்தர வேலை தந்தாப் போதும்’ என்றார்.

மிருசுவில், கொடிகாமம், சாவகச்சேரி எல்லாம் விரைவில் கடந்தன. கொடிகாமச் சந்தையில் தேநீர் குடித்தோம். வாழைக்குலைகளையும் யாரோ படமெடுத்துப் பத்தில் ஒன்றை வீணாக்கினார்கள் (வீணென்று நான் சொன்னதை அவர் இன்றும் ஏற்கவில்லை).

நாவற்குழிப் பாலத்தில் வானை நிற்பாட்டச் சொன்னது நானல்ல. அவர்களாகவே கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இந்தப் பாலத்தை நோக்கி நடந்தது. ஐந்து இலட்சம் அளவில் சனம் என்று சொல்லப்படுகிறது. மழை, இருட்டு, மாட்டு வண்டில், சைக்கிள், கட்டிலில் தூக்கிவந்த கிழவர்கள். ஐவரில் மூவர் அன்று நடந்தவர்கள். அப்போது நான் சின்னப் பிள்ளை. அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று நகர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. கோண்டாவில் அக்கா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. கைதடிக்கு அப்பால் முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் மகள் பிறந்தாள். அந்த வீட்டுக்காரி தந்த பழஞ்சேலையில்தான் பிள்ளையைச் சுற்றியதாம்.

இந்த வீதியில் நடந்த ஆகப் பெரிய சம்பவம் அதுதான். அதைச் சொல்ல ஒரு கல்லோ பலகையோ எங்கள் கண்ணில் படவில்லை. வெறும் பாலம், கைபிடிச் சுவர், கீழே தண்ணீர், இறால் பிடிப்பவர்கள். கோண்டாவில் அக்கா மிச்சமிருந்த ஏழு படங்களையும் அங்கேயே எடுத்து முடித்தார்.

பாலத்தைத் தாண்டினால் செம்மணி. யாழ்ப்பாணத்துக்கு வருபவர்களை வரவேற்கும் அலங்கார வளைவு அங்கேதான் நிற்கிறது. அருகே அரியாலைச் சித்துப்பாத்தி மயானத்தில் 2025ஆம் ஆண்டு நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. கூடவே ஒரு நீலப் புத்தகப் பை, குழந்தையின் பொம்மை. அவ்வாண்டு ஜூனில் மூன்று நாட்கள் ‘அணையா விளக்கு’ ஏற்றி மக்கள் கூடியதும் இந்த வளைவடியில்தான். வளைவை எடுப்பதா விடுவதா என்று பேசினோம். கடைசியில் ஒருவர் மட்டும் எடுத்தார்.

நகரத்துக்குள் வந்தபோது மனம் சற்று இலேசானது. 2019ஆம் ஆண்டின் கடைசியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் ஓவியம் தீட்டினார்களே, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் பனை, மாட்டுவண்டில், யாழ் என்று கீறினார்கள். அன்று நாம் கண்டவற்றில் பாதி வெயிலில் வெளிறிவிட்டன. மீதியில் ரியூசன் விளம்பரமும் கண்ணீர் அஞ்சலியும் ஒட்டியிருந்தன. தண்ணீர் அள்ளும் பெண்ணொருத்தியின் முகத்துக்கு நேரே ‘சாதாரண தர கணிதம்’ என்று ஒரு நோட்டீஸ்! தங்கச்சி அதைக் கிழிக்கப் போனாள். தடுத்துவிட்டு, அப்படியே எடுக்கச் சொன்னேன்.

முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளோடு சங்கிலியன் (1974இல் வைத்த சிலை, 2011இல் புதுப்பித்துத் திறந்தார்கள்). பிறகு தந்தை செல்வா தூபி. நூலக முன்றலில் வெள்ளைச் சரஸ்வதி. அன்று எடுத்த ஐம்பது படங்களையும் கணினியில் போட்டுப் பார்த்தபோது தங்கச்சிதான் கண்டுபிடித்துச் சொன்னாள்: ஆண்கள் எல்லாரும் பெயரோடு நிற்கிறார்கள், சிலையாய் நிற்கிற ஒரே பெண் தெய்வம். பெயருள்ள பெண் வேண்டுமென்றால் முகமாலையில் முழங்காலில் இருக்கிற அக்காவைத்தான் காட்டவேண்டும்.

படங்களில் பன்னிரண்டைப் பெரிதாக்கி எமது நிலையச் சுவரில் மாட்டியிருக்கிறோம். கீழே எடுத்தவரின் ஊரும், அவர் சொன்ன காரணமும் எழுதியிருக்கும். உப்பு வெளிப் படத்தின் கீழே இடம் வெறுமையாக விட்டிருக்கிறது. பாலத்தின் படத்தில் ஒரு பிரதியைக் கோண்டாவில் அக்கா சட்டம் போட்டு வாங்கிக்கொண்டார். இப்போது முப்பது வயதாகும் மகளுக்குக் கொடுக்கப் போகிறாராம். அடுத்ததாகப் பருத்தித்துறை வீதி என்று முடிவாகியிருக்கிறது. வான் வாடகைக்கு ஆளுக்குக் கொஞ்சமாகச் சீட்டுக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.