இன்ஜின் புதுசு, வயசு பழசு

கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடம் மல்லிக் பஜார். ஒரு பக்கம் வங்கக் கவி மைக்கேல் மதுசூதன் தத் துயிலும் கல்லறைத் தோட்டம். அருகிலேயே கார்களின் கல்லறை: கழற்றிப் போட்ட உதிரி பாகங்களை விற்கும் கடைகள். ஆனால் இங்கே மறுபிறவி உண்டு.

அம்பாசடர் பிரியர்கள் தேடுவது இசுஸு இன்ஜின். பழைய 1,489 சிசி இன்ஜினுக்கு மேம்பாலம் ஏறினாலே மூச்சு வாங்கும். காண்டஸாவில் இருந்த 1,800 சிசி ஜப்பானிய இன்ஜினை இதில் இறக்கிவிட்டால் கிழவன் குமரனாவான். பின்சக்கர இழுவைக் கார் என்பதால் இன்ஜின், கியர்பாக்ஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில். மவுண்டிங்கை மாற்றி வெல்டிங் வைத்து, ஷாஃப்டை அளவுக்கு வெட்டி, தரையில் ஓட்டை போட்டு ஐந்து கியர் தண்டை நிமிர்த்தினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மிச்சம், பிரேக். பழைய டிரம் பிரேக்கோடு திருப்திப்படுபவர்களை ஹௌரா பாலத்து நெரிசல்தான் காப்பாற்ற வேண்டும்.

அடுத்த சிக்கல் காகிதம். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி இன்ஜினை மாற்ற போக்குவரத்து அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். புது இன்ஜின் எண் ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும். பதிவான வருடம் மட்டும் மாறாது.

மஞ்சள் டாக்ஸிகளை அடித்தது இதுதான். 15 வயது கடந்த வணிக வாகனங்களை நகரிலிருந்து விலக்கும்படி 2008-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது வயது எண்ணப்பட்டது புத்தகத்தைப் பார்த்து. முந்தின மாதம் இன்ஜின் மாற்றிய டாக்ஸிக்கும் சலுகை இல்லை.

உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. வீட்டுக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னமும் மல்லிக் பஜார்தான் கதி.